மடுவத்தில் மாட்டிய படம்

ஒரு படம் என்னை நீண்ட நாட்களாக விடாமல் தொந்தரவு செய்கிறது. சாதாரண கலர் பிரின்ட்தான். மழைக்குத் தாங்கட்டும் என்று பிளாஸ்டிக் உறை போட்டு, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டினோம். மேலே 'இம்மாதத்தின் சிறந்த தொழிலாளி' என்று பெரிய எழுத்து. கீழே ஒரு அக்காவின் முகம். படம் எடுக்கும்போது சிரிக்கச் சொன்னார்களாம், அவர் சிரிக்கவில்லை. கூச்சமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மாட்டச் சொன்னது நான்தான். ஆறு வாரத்தில் கழற்றச் சொன்னதும் நான்தான். இடையில் நடந்ததை எழுதி வைக்க வேண்டும் என்று பல தடவை உட்கார்ந்து, ஒவ்வொரு தடவையும் பாதியில் எழுந்துவிட்டேன்.

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் இருந்துகொண்டு தேயிலைத் தோட்ட உத்தியோகத்தர்களுக்குப் பயிற்சி நடத்துவது என் வேலை. கணக்கப்பிள்ளைமார், சுப்பவைசர்மார், கங்காணிமார் வருவார்கள். சில நேரம் சின்னத் துரையும் (தோட்டத்தின் உதவி முகாமையாளர்) வந்து பின்வரிசையில் உட்காருவார். தலைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: உளவியலைக் கொண்டு உற்பத்தியைக் கூட்டுவது எப்படி. நான் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். அம்மா 31 வருடம் கொழுந்தெடுத்தவர். புத்தகத்தில் படித்ததும் தெரியும், மலையில் நடப்பதும் தெரியும் என்ற தைரியம் எனக்கு இருந்தது. அந்தத் தைரியத்தோடுதான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அந்த வகுப்பை எடுத்தேன். தோட்டத்தின் பெயரும் அந்த அக்காவின் பெயரும் இங்கே வேண்டாம். அவர் இன்னும் அதே மலையில்தான் வேலை செய்கிறார்.

வகுப்பில் சொன்ன பாதிக் கதை

வழக்கமாக நான் ஹாதோர்ன் தொழிற்சாலையிலிருந்துதான் ஆரம்பிப்பேன். சிகாகோவுக்குப் பக்கத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் தொலைபேசிக் கருவிகள் செய்த இடம் அது. 1924இல் தொடங்கி 1932 வரை அங்கே ஆராய்ச்சி நடந்தது. வெளிச்சத்தைக் கூட்டினால் வேலை கூடுமா என்ற கேள்வியில் ஆரம்பித்தார்கள். 1927இல் ரிலே என்ற தொலைபேசி உறுப்பைப் பூட்டும் ஐந்து பெண்களைத் தனி அறைக்குக் கொண்டுபோய், இடைவேளை கொடுத்துப் பார்த்தார்கள், வேலை நேரத்தைக் குறைத்துப் பார்த்தார்கள், இடையில் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். உற்பத்தி ஏறிக்கொண்டே போனது. பிறகு ஹார்வர்டிலிருந்து வந்து சேர்ந்த எல்டன் மேயோ இதற்குக் கொடுத்த விளக்கம்தான் உலகம் முழுக்கப் பரவியது. தொழிலாளியைக் கவனியுங்கள், மதியுங்கள், அவருடைய கை தானாக வேகம் எடுக்கும். இந்த இடத்துக்கு வரும்போது வகுப்பில் எல்லோர் முகமும் மலரும். அன்றைக்கு ஒரு கணக்கப்பிள்ளை கையைத் தூக்கி, "அப்படின்னா இது செலவில்லாம செய்யக்கூடியதுதானே மிஸ்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னேன்.

கதையின் மறுபாதியும் நான் படித்ததுதான். அந்த ஐந்து பெண்களில் இருவர் வேலை நேரத்தில் அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று 1928 தொடக்கத்திலேயே அறையிலிருந்து எடுக்கப்பட்டார்கள். அவர்கள் இடத்துக்கு வேறு இருவர் வந்த பிறகுதான் உற்பத்தி நன்றாக ஏறியது. அதோடு சம்பளக் கணக்கும் மாறியிருந்தது. பெரிய பிரிவில் நூறு பேரோடு சேர்த்துக் கணக்குப் பார்த்த காசு, இந்தச் சின்னக் கூட்டத்துக்கென்று தனியாகக் கணக்கிடப்பட்டது. தாங்கள் கூடச் செய்தால் தங்கள் கைக்கே காசு வரும் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும். இதையெல்லாம் வகுப்பில் சொன்னால் கதையின் ஓட்டம் கெட்டுவிடும் என்று நான் விட்டுவிடுவேன். இப்போது யோசித்தால், மலையில் வேலை செய்கிறவர்களைப் பற்றிய வகுப்பில் கட்டாயம் சொல்லியிருக்க வேண்டியவை அந்த இரண்டும்தான்.

அன்றைய வகுப்பில் எடுத்த முடிவுதான் படம். எந்த மாதம் யார் கூடுதலாகக் கொழுந்து எடுக்கிறாரோ அவர் படத்தை மடுவத்தில் மாட்டுவது. பரிசாக ஒரு தேர்மோஸ் போத்தல். எல்லோரும் பாராட்டுகிறார்கள் என்றால் மற்றவர்களுக்கும் ஆசை வரும். எழுதும்போதே எவ்வளவு எளிதாக வருகிறது பாருங்கள்.

இரண்டாம் மாதம்

முதல் மாதம் அந்த அக்கா. நாளுக்கு 25, 27 கிலோ என்று எடுத்திருந்தார். அந்தப் பிரிவில் முழுப் பேருக்கு, அதாவது முழுநாள் சம்பளத்துக்கு, குறித்த கிலோ 18. அவர் படம் ஏறியது, போத்தல் கொடுத்தார்கள், கைதட்டினார்கள். இரண்டாம் மாதம் நடுவில் கணக்கப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. "மிஸ், படம் போட்டதிலிருந்து கொழுந்து கொறஞ்சிருச்சி. ஒருக்கா வந்து பாருங்களேன்." போய் நிறுவைப் புத்தகத்தைப் பார்த்தேன். அக்காவின் பெயருக்கு நேரே 18, 18, 19, 18. மற்றவர்களுக்கும் அப்படித்தான். யாரோ கயிறு கட்டி விட்டதுபோல எல்லோரும் 18க்குப் பக்கத்திலேயே நின்றார்கள். சீசன் மந்தம் என்று சொல்லவும் முடியாது. மழைக்குப் பிறகு மலை பச்சையாகத் தளதளவென்று நின்றது.

அடுத்த நாள் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்கே போய்விட்டேன். ஏழு மணிக்கு முன்னாலேயே பனி இறங்கிக் கிடந்தது. பெண்கள் அட்டை கடிக்காமலிருக்கக் காலில் சவுக்காரம் தேய்த்துக்கொண்டு, இடுப்பில் சுற்றும் படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சுப்பவைசர் மலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார்: "அந்தப் புள்ளைக்கு 27 எடுக்க முடியும்னா ஒங்களுக்கு ஏன் முடியாது? படத்தப் பாத்தாவது ரோசம் வரணும்." படம் மாட்டிய நாளிலிருந்து தினமும் இதுதான் நடக்கிறதாம். கைதட்டத் தொங்கவிட்ட படத்தை மற்றவர்களை இடிக்கும் கம்பாக்கிவிட்டார்கள். அதை அவர்கள் கையில் கொடுத்தது நான்.

அக்காவின் நிரைக்குப் பக்கத்தில் நின்று அவர் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சின்ன வயதில் அம்மா கையைப் பார்த்ததற்குப் பிறகு இவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. பெருவிரல் நுனியில் வெடிப்பு, அதற்குள் சாயம் ஏறிக் கறுத்த கோடு. இரண்டு கையும் தனித்தனியாக மட்டத்துக்கு மேல் ஓடுகின்றன. இரண்டு இலையும் மொட்டுமாக ஒடிக்கிற சத்தம் மெல்லிய சொடுக்குப் போலக் கேட்கும். கை நிறைந்ததும் பார்க்காமலே தோளுக்குப் பின்னால் வீசுகிறார். ஒரு தளிர்கூடக் கீழே விழுவதில்லை. அந்த வேகத்தில் ஒருவர் 18 கிலோதான் எடுக்கிறார் என்றால் மீதிக் கொழுந்து எங்கே போகிறது என்ற கேள்வி வரத்தானே வேண்டும்.

பதில் பகல் நிறுவைக்கு இறங்கும்போது கிடைத்தது. தண்ணீர் வடியும் கான் ஓரமாகப் பாதை வளைகிற இடத்தில், மேலேயிருந்து பார்த்தால் தெரியாத மறைவில், அக்கா சாக்கை இறக்கினார். இரண்டு கையாலும் அள்ளி, பின்னால் வந்த ஒரு வயதான அம்மாவின் சாக்கில் போட்டார். இன்னொரு தடவை அள்ளினார். அப்புறம் மற்றொரு பிள்ளையின் சாக்கில் கொஞ்சம். யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருந்தது, அந்தப் பிள்ளை பிரசவத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பி மூன்றாவது வாரம். இருவரும் தனியாக 18 தொட மாட்டார்கள்.

மறைவில் நடந்த கணக்கு

மலையகத்தில் இதை வாசிப்பவர்களுக்கு அரைப் பேர் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: குறித்த கிலோவைத் தொடாவிட்டால் அன்றைக்குப் பாதிச் சம்பளம்தான். ஆனால் நான் அன்று ராத்திரி உட்கார்ந்து போட்ட கணக்கைச் சொல்கிறேன். அப்போது நாட்சம்பளம் 1350 ரூபா. குறித்த கிலோவுக்கு மேலே எடுக்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் 50 ரூபா. அக்கா நான்கு கிலோவைக் கொடுத்துவிட்டால் அவருக்கு நஷ்டம் 200. அந்த நான்கு கிலோ இல்லாமல் அந்த அம்மாவுக்கு அரைப் பேர் விழுந்தால் நஷ்டம் 675. 200ஐ விட்டு 675ஐக் காப்பாற்றுகிறார்கள். நாளைக்கு அக்காவுக்குக் காய்ச்சல் வந்தால் அதே சாக்குகளிலிருந்து அவருக்குத் திரும்பி வரும். இதை எந்தப் பயிற்சியும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. கம்பெனி தராத நோய்க்கால உதவியை அவர்களே கான் ஓரத்தில் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் மாதம் மட்டும் எப்படி 27 வந்தது? அந்த மாதம் அக்காவுக்குத் தம்பி கல்யாணச் செலவு. அதனால் தன் கொழுந்தைத் தானே வைத்துக்கொண்டார். மற்றவர்களும் அதற்கு ஒத்துக்கொண்டு, வேறு ஒருவர் அந்த அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறார். அந்த மாதக் கணக்கைத்தான் நாங்கள் படமாக்கிச் சுவரில் தொங்கவிட்டோம். அதன் பிறகு சுப்பவைசரின் இடிப்பு ஆரம்பித்தது. பத்து மணித் தேத்தண்ணிக்கு அக்காவை யாரும் கூப்பிடவில்லை. சண்டையில்லை, ஏச்சில்லை, ரொட்டியும் கட்டசம்பலும் பகிர்கிற வட்டத்தில் அவருக்கு இடம் விடவில்லை, அவ்வளவுதான். நான்கு நாளில் அவர் 18க்கு இறங்கிவிட்டார். கூடவே வேறொரு பயமும் எல்லோருக்கும் இருந்தது. "நாங்க கூட எடுத்துக் காட்டுனா நாளைக்கு அதுவே கணக்காயிரும் மிஸ். மொதல்ல 16தான் இருந்துச்சி. எப்படி 18 ஆச்சின்னு நெனக்கிறீங்க?" இதைச் சொன்னது அந்த வயதான அம்மா.

ஹாதோர்னில் நான் சொல்லாமல் விடும் இன்னோர் அறை உண்டு. 1931, 32இல் கம்பி இணைக்கும் பிரிவில் 14 ஆண்களை உட்கார வைத்துக் கவனித்தார்கள். அவர்கள் ஒரு நாளுக்கு இவ்வளவுதான் என்று தங்களுக்குள்ளேயே ஒரு அளவு வைத்திருந்தார்கள். அதைத் தாண்டி வேகமாகச் செய்கிறவருக்குத் தோளில் ஒரு குத்து விழும். கூடச் செய்தால் கம்பெனி அளவை உயர்த்தும், அல்லது விலையைக் குறைக்கும், அல்லது ஆட்களை நிறுத்தும் என்று அவர்கள் நினைத்தார்கள். பொருளாதாரம் விழுந்து கிடந்த காலம் அது, நினைத்ததில் தப்பில்லை. உணர்ச்சி, கூட்ட மனப்பான்மை என்றெல்லாம் இதற்குப் பல விளக்கம் எழுதியிருக்கிறார்கள். எனக்கென்னவோ அந்த 14 பேரையும் தலவாக்கலை மலையில் இந்தப் பெண்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் ஐந்து நிமிடத்தில் ஒருவரையொருவர் புரிந்துகொள்வார்கள் என்றுதான் தோன்றுகிறது.

தேயிலைத் தோட்டத்திலேயே செய்த ஓர் ஆய்வும் இருக்கிறது. இந்தியாவில் ஒரு தோட்டத்தில் அரசு விதியால் அடிப்படைச் சம்பளம் ஏறியது. கூடுதல் கிலோவுக்கான விலையை நிர்வாகம் குறைத்தது, அல்லது பழையபடி வைத்தது. கணக்குப்படி பார்த்தால் கொழுந்து குறைய வேண்டும். ஆனால் அடுத்த மாதம் 20 முதல் 80 விழுக்காடு வரை கூடியது. தொடர்ந்து வந்த மாதங்களில் அந்தக் கூடுதல் முழுவதும் மறைந்துவிட்டது. 2016இல் வெளிவந்த அந்தக் கட்டுரையை எழுதியவர்கள், இப்படிப்பட்ட மாற்றங்களை நீண்ட காலம் பின்தொடர்ந்து பார்க்காமல் முடிவு கட்டக்கூடாது என்கிறார்கள். ஒரு மாதத்துக் கணக்கை வைத்துப் பயிற்சி அறிக்கை எழுதுகிற என்னைப் போன்றவர்கள் அதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

தராசின் முகம்

நிறுவை நடக்கும்போது நான் கணக்கப்பிள்ளையின் பக்கத்தில் நின்றேன். மிஸ் வந்திருக்கிறார் என்று அவரே கூப்பிட்டு மேசைக்குப் பக்கத்தில் நிற்கவைத்தார். மேலே உத்தரத்தில் வட்டத் தராசு தொங்குகிறது. கொக்கியில் சாக்கை மாட்டுகிறார்கள், முள் ஆடி நிற்கிறது, அவர் எண்ணைச் சொல்லி எழுதுகிறார். எட்டு கிலோ காட்டினால் ஆறு எழுதுவார். சாக்குக்கும் தண்ணிக்கும் இரண்டு கிலோ கழிவு. அன்றைக்கு நல்ல வெயில், இலை காய்ந்திருந்தது. இருந்தும் இரண்டுதான். முள்ளை நான் தெளிவாகப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது: முள் எனக்குத் தெரிகிறது, ஏனென்றால் தராசின் முகம் இந்தப் பக்கம் பார்க்கிறது. சாக்கைக் கொண்டுவந்து மாட்டுகிற பெண்களுக்கு அதன் துருப்பிடித்த முதுகுதான் தெரியும்.

சின்ன வயதில் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய் எத்தனையோ நாள் மடுவத்தில் நின்றிருக்கிறேன். அம்மா நின்ற பக்கத்தில்தான் நின்றிருக்கிறேன். அந்தத் துருப்பிடித்த முதுகு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தராசு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அம்மா 31 வருடம் எடுத்த கொழுந்தில் ஒரு நாள்கூட முள் எங்கே நின்றது என்று தன் கண்ணால் பார்க்கவில்லை. மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இதை நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

நிறுவை முடிந்ததும் அக்காவிடம் போனேன். படத்தால் வந்த வில்லங்கத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சாக்கை மடித்துக்கொண்டே சொன்னார்: "படத்த எறக்கிருங்க மிஸ். எங்களுக்கு ஏதாச்சும் செய்யணும்னு நெனச்சீங்கன்னா, அந்தத் தராச கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பச் சொல்லுங்க."

கணக்கப்பிள்ளையிடம் கேட்டேன், ஏன் அந்தப் பக்கம் என்று. "எப்பவுமே அப்படித்தான் மிஸ்" என்றார். அவர் கள்ளக் கணக்கு எழுதுகிறவர் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு அப்படித் தோன்றவும் இல்லை. ஆனால் பார்க்க முடியாத ஒருவருக்கு அவர் நல்லவரா கெட்டவரா என்று தெரிந்துகொள்ள என்ன வழி இருக்கிறது? இரண்டு கிலோ எப்படியும் போகும் என்று நினைக்கிறவர் என்ன செய்வார்? அன்று சாயங்காலம் சில சாக்குகளின் அடியில் கையை விட்டுப் பார்த்தேன். முற்றின இலையும் காம்பும் இருந்தன. கழிவில் போவதை ஈடுகட்ட அடியில் போட்டு அமுக்கியிருந்தார்கள். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், டீமேக்கர் கொழுந்தின் தரம் சரியில்லை என்று சத்தம் போடுவதற்கும் மடுவத்தில் தராசு திரும்பி நிற்பதற்கும் தொடர்பு இருக்கும் என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

ஜெரால்ட் கிரீன்பெர்க் என்ற ஆய்வாளர் 1990இல் எழுதிய ஒரு கட்டுரை அப்போது ஞாபகத்துக்கு வந்தது. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் இரண்டு தொழிற்சாலைகளில் பத்து வாரத்துக்குச் சம்பளத்தை 15 விழுக்காடு வெட்டியது. ஓரிடத்தில் ஏன் வெட்டுகிறோம் என்று கணக்கை வைத்து விரிவாகவும் வருத்தத்தோடும் விளக்கினார்கள். மற்ற இடத்தில் இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டார்கள். இரண்டு இடத்திலும் பொருட்கள் காணாமல் போவது கூடியது. ஆனால் விளக்கம் கொடுக்காத இடத்தில் மிக அதிகமாகக் கூடியது. வெட்டு ஒன்றுதான். தன்னை ஒரு மனிதராக எண்ணிக் கணக்குச் சொன்னார்களா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

திருப்பிய பிறகு

தராசைத் திருப்ப மூன்று கூட்டம் தேவைப்பட்டது. கொக்கியை மாற்றி, கணக்கப்பிள்ளையும் தொழிலாளியும் பக்கவாட்டில் நின்று பார்க்கிற மாதிரி மாட்டினார்கள். ஒவ்வொருவருக்கும் சின்னக் கொப்பி ஒன்று கொடுத்து, ஒவ்வொரு நிறுவையையும் அதிலும் எழுத ஏற்பாடு செய்தோம். படத்தைக் கழற்றினோம். கிலோ பாய்ந்து ஏறவில்லை. ஏறும் என்று துரையிடம் நான் சொல்லவும் இல்லை. ஆனால் நிறுவையில் வாக்குவாதம் குறைந்து, சாயங்காலம் சீக்கிரம் முடிகிறது. சாக்கின் அடியில் முற்றின இலை குறைந்திருக்கிறது, என்ன செய்தீர்கள் என்று டீமேக்கர் தானாகவே கேட்டார். கான் ஓரத்துப் பங்கீட்டைப் பற்றி நான் எந்த அறிக்கையிலும் எழுதவில்லை. இங்கே தோட்டத்தின் பெயர் சொல்லாததற்கு அதுவும் ஒரு காரணம்.

என் வகுப்பும் மாறிவிட்டது. இப்போது ஹாதோர்ன் கதையை முழுதாகச் சொல்கிறேன். அதோடு ஒடிசாவில் இலைத்தட்டு தைக்கும் கூலித் தொழிலாளர்களிடம் செய்த ஓர் ஆய்வையும் சேர்த்திருக்கிறேன். சம்பளத்தின் ஒரு பகுதியைச் சிலருக்கு முன்கூட்டியே கொடுத்தார்கள். அவர்கள் உடனே கடனை அடைத்தார்கள், வீட்டுக்குச் சாமான் வாங்கினார்கள், அதன் பிறகு 7 விழுக்காடு கூடுதலாக வேலை செய்தார்கள், தவறும் குறைந்தது. தலைக்குள் கடைக்கடன் ஓடிக்கொண்டிருந்தால் கை எப்படி ஓடும்? இதைச் சொல்லும்போது கங்காணிமார் தலையாட்டுகிறார்கள். அவர்கள் வீட்டிலும் சம்பள நாளான பத்தாந்தேதிக்கு முந்தைய வாரம் எப்படியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். செலவில்லாமல் செய்யலாமா என்று இப்போதும் யாராவது கேட்கிறார்கள். முடியாது, ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் என்று சொல்கிறேன். தராசைத் திருப்பக் காசு செலவாகவில்லை. ஆனால் கணக்கைத் தான் மட்டும் பார்க்கிற அதிகாரத்தை ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

போன மாதம் அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அக்காவின் மகள் உயர்தரம் படிக்கிறாள். அம்மாவின் கொப்பியை வைத்து மாத முடிவில் கூட்டிப் பார்த்து, சம்பளத் துண்டோடு ஒப்பிடுகிறாளாம். ஒரு மாதம் ஐந்து கிலோ இடித்தது. பிள்ளையே ஆபீசுக்குப் போய்க் காட்டியிருக்கிறாள், திருத்திக் கொடுத்துவிட்டார்கள். இப்போது லயத்தில் ஏழெட்டுப் பேர் தங்கள் கொப்பியையும் அவளிடம் கொண்டுவருகிறார்கள். வெயில் நாளிலும் தண்ணிக்குக் கழிப்பதை மட்டும் இன்னும் நிறுத்தவில்லை. மழை பெய்த நாட்களையும் பெய்யாத நாட்களையும் தனி நிரலில் குறித்துக்கொண்டு வருகிறாள். மூன்று மாதக் கணக்குச் சேர்ந்ததும் துரையிடம் போகப் போகிறார்களாம். "நீங்களும் வாறீங்களா அக்கா?" என்று கேட்டாள். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.